கடைசி ரெய்டுக்கு அனுப்பியவள்

கல்லூரி நாட்களில் மாவட்டக் கபடி அணியில் மூன்று வருடம் ஆடினேன். ரெய்டுக்குப் போனால் வெறுங்கையோடு திரும்பமாட்டாள் என்று எதிரணிப் பெண்களே சொல்வார்கள். மாநில அணித் தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கையில், பயிற்சியில் வலது முழங்கால் திருகிக்கொண்டது. ஜவ்வு கிழிந்துவிட்டது என்றார் டாக்டர். ஆபரேஷனுக்கு வீட்டில் சம்மதிக்கவில்லை. "நடக்குற இல்ல, அது போதும்," என்றார் அப்பா. விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை என்ற நினைப்பும் அதோடு போயிற்று.

பிறகு உடற்கல்வி படித்து, கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சராகச் சேர்ந்தேன். காலையில் கேட்டில் நின்று யார் லேட், யார் ஷூ போடவில்லை என்று பார்ப்பதுதான் பாதி வேலை. என் பீரியடைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்வார். சாயங்காலங்களில் பள்ளிக்குப் பின்னால் கல் பொறுக்கி, சுண்ணாம்புக் கோடு போட்டு, பத்துப் பெண்களைத் தேற்றினேன்.

அவர்களில் ஒருத்தி ஒன்பதாம் வகுப்பு. நிலத்தில் மல்லாட்டைக் கடலை பிடுங்குகிற நாட்களில் மட்டும் பயிற்சிக்கு வரமாட்டாள். மற்ற நாட்களில் அவள்தான் முதல் ஆள். அவள் வேகம் எனக்குக்கூட இருந்ததில்லை.

திருவண்ணாமலையில் மாவட்ட இறுதிப்போட்டி. ஆட்டம் முடியும் நேரம், ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். மூன்று பேர் சேர்ந்து அமுக்கியும் கோட்டைத் தொட்டுவிட்ட அவள், எழுந்தபோது காலை ஊன்றாமல் நின்றாள். டைம் அவுட் கேட்டேன்.

"ஜாஸ்தி வலிக்குதா?"

"இல்ல டீச்சர், கம்மிதான்."

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அந்தப் பொய்யை நானும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். மாற்று ஆட்டக்காரி பெஞ்சில் தயாராக உட்கார்ந்திருந்தாள். நான் அவளைக் கூப்பிடவில்லை.

"ஒரே ஒரு ரெய்டு. போய்ட்டு வந்துடு," என்றேன்.

போனாள். இரண்டு பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டின் மேல் வந்து விழுந்தாள். ஜெயித்தோம். மற்ற பெண்கள் என்னைத் தூக்கிக்கொண்டார்கள். அவள் விழுந்த இடத்திலேயே கிடப்பதை நான் மேலிருந்துதான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரிக்கு அவள் அம்மா ஷேர் ஆட்டோவில் வந்தார். சத்தம் போடவில்லை. "நீங்களும் ஆடி கால் போனவங்கதானே டீச்சர். உங்களுக்குத் தெரியலையா?" என்று மட்டும் கேட்டார்.

"அவதான் வலிக்கலைன்னு சொன்னா," என்றேன்.

கட்டிலில் படுத்திருந்தவள், "ஆமாம்மா, நான்தான் சொன்னேன்," என்றாள்.

பிரேயரில் எனக்குச் சால்வை போட்டார்கள். கோப்பை தலைமையாசிரியர் அறைக்குப் போனது. மூன்று மாதம் கழித்து அவள் பள்ளிக்கு வந்தாள், மைதானத்துக்கு வரவில்லை. பி.டி. பீரியடில் வகுப்பிலேயே புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள். நானும் கூப்பிடவில்லை. ஜன்னலைத் தாண்டும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடப்பேன்.

போன மாதம் வேங்கிக்கால் பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். இப்போது கல்லூரியில் படிக்கிறாளாம். கலெக்டர் ஆபீஸுக்கு ஏதோ சான்றிதழ் வாங்க வந்திருந்தாள்.

"நல்லா இருக்கீங்களா டீச்சர்?"

அவளிடம் கால் எப்படி இருக்கிறது என்று கேட்க வாய் வரவில்லை. "அன்னைக்கு உனக்கு வலிச்சது எனக்குத் தெரியும்மா," என்றேன்.

"தெரியும்னு எனக்கும் தெரியும் டீச்சர்."

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவளுடைய பஸ் வந்தது. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏறினாள்.