மாமா மீசை எடுத்த கதை

கடத்தூரில் என் மாமா வீட்டு முன்னறையில் திரு இருதய ஆண்டவர் படம் மாட்டியிருக்கும். எங்கள் கத்தோலிக்க வீடுகள் எல்லாவற்றிலும் இருக்கிற படந்தான். பதவிசாக வாரிவிட்ட தாடி, மார்புக்கு வெளியே எடுத்து வைத்தாற்போலச் சிவந்த இருதயம், அதைத் தொட்டுக் காட்டும் விரல். அதற்கு நேர் கீழே நாற்காலியில் மாமா உட்கார்ந்திருப்பார். அம்மாவின் தம்பி. அவருக்குத் தாடி கிடையாது, மீசை உண்டு. மேலுதட்டை முழுசாக மூடி, இரண்டு பக்கமும் கன்னத்தில் ஏறி நிற்கிற மீசை. பள்ளி விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் மேலே ஒரு தரம், கீழே ஒரு தரம் பார்ப்பேன். மேலே இருப்பவர் இருதயத்தையே திறந்து காட்டுகிறார், கீழே இருப்பவர் வாயைக்கூடக் காட்ட மாட்டேன் என்கிறாரே என்று தோன்றும்.

இப்போது தருமபுரியில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்கோ எடுக்கும் வேலை எனக்கு. நாள் முழுக்க இருதயங்களைத்தான் பார்க்கிறேன். படத்தில் இருப்பது மாதிரி ஒன்றுகூட இருந்ததில்லை. திரையில் தெரிவது ஒரு பக்கமாகச் சாய்ந்து, விரிந்து சுருங்கும் வெறும் சதை. ஆனாலும் பலூனிலும் கேக்கிலும் பேருந்தின் பின் கண்ணாடியிலும் அந்தச் சிவப்பு வடிவம்தான். சிலிண்டர் வந்துவிட்டது என்று செய்தி அனுப்பினால் என் கணவர் பதிலுக்கு ஓர் இருதயம் அனுப்புகிறார். இந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்று யோசித்து நானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். யாரோ ஒருத்தி தன் புருஷன் முகத்தைப் பார்த்து வரைந்திருப்பாள். நல்ல அடர்த்தியான மீசை ஒன்றை வரைந்து, அதன் இரண்டு முனையிலிருந்தும் மோவாய்க்குக் கோடு இழுத்துப் பாருங்கள், புரியும். உடன் வேலை செய்யும் பெண்ணிடம் இதைச் சொன்னபோது, "அப்ப மீசையில்லாதவங்க என்னக்கா பண்ணுவாங்க?" என்று கேட்டாள். அவர்கள் பாடு கொஞ்சம் கஷ்டம்தான் என்றேன்.

மாமாவுக்கும் அத்தைக்கும் நடுவே பிரியமான பேச்சு என்று ஒன்றை நான் கேட்டதே இல்லை. பேச்செல்லாம் மீசையைப் பற்றித்தான். "மோரு ஊத்துனா பாதி வயித்துக்கு, பாதி மீசைக்கு. இதுக்கு ரெண்டு டம்ளரா வெக்க முடியும்?" என்பார் அத்தை. மாமா மீசையைத் துடைத்து முறுக்கிவிட்டுக்கொண்டு மரவள்ளிக்காட்டுக்குக் கிளம்பிவிடுவார். வெளியூர் போனால்கூட ஒருவருக்கொருவர் போன் செய்துகொள்ள மாட்டார்கள். என்னைக் கூப்பிட்டு, "உன்ற அத்த சாப்டாளாமா?" என்று கேட்பார். அத்தையும் அப்படியே. நான்தான் நடுவில் தபால்காரி.

அப்படி இருந்த மாமாவுக்கு ஒருநாள் காட்டில் நெஞ்சு வலி வந்தது. சேலத்துக்குக் கொண்டுபோனோம். பைபாஸ் செய்தாக வேண்டும், தள்ளிப்போட முடியாது என்றார்கள். மாமா சரி என்று தலையாட்டிவிட்டார். அத்தைதான் வேறொன்றைப் பிடித்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் பெற்றவர்கள் இறந்தால் பிள்ளைகள் மீசையை எடுப்பார்கள். எங்களுக்குச் சர்ச்சில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஆனால் ஊரோடு ஒன்றாகப் பிழைக்கிறவர்களின் கண்ணுக்குத் தனிச் சட்டம் ஏது? மீசையில்லாமல் ஒரு ஆள் தெருவில் வந்தால், "யாருக்குங்க என்ன ஆச்சு?" என்றுதான் எங்களுக்கும் கேட்கத் தோன்றும். அறுவைக்கு முந்திய நாள் அத்தை நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நெஞ்ச எப்பிடி வேணா அறுத்துக்கங்க சிஸ்டர். மீசைய மட்டும் எடுத்துராதீங்க. பொழைக்கப் போற மனுசனுக்கு அது ஆகாதுங்க."

முடிந்தவரை பார்க்கிறோம் என்றார் அந்தப் பெண். மறுநாள் காலை, வாயில் குழாய் வைத்தால் அத்தனை மயிரின் மேல் பிளாஸ்திரி நிற்காது என்று மாமாவிடமே கேட்டிருக்கிறார்கள். "எடுத்துக்கம்மா. வெளிய என் சம்சாரத்துகிட்ட மட்டும் சொல்லீராத, அழுவா" என்றிருக்கிறார் மாமா. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்று எங்களுக்குத் தெரியாது.

அறுவை நல்லபடியாக முடிந்தது. குழாயை எடுத்த பிறகு ஐ.சி.யு.வுக்குள் போய்ப் பார்க்க என்னையும் அத்தையையும் விட்டார்கள். பச்சை அங்கி, தொப்பி, முகக்கவசம். அத்தையின் மூச்சுப் பட்டு அவருடைய கண்ணாடி முழுக்கப் பனி படர்ந்துவிட்டது. வரிசையாகக் கட்டில்கள், எல்லார் மேலும் ஒரே போர்வை. ஒரு கட்டிலில் அடர்ந்த மீசை தெரிந்ததும் அத்தை அங்கே ஓடிக் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் மீசையைத்தான் தேடிக்கொண்டிருந்தேன், எனக்கும் சந்தேகம் வரவில்லை.

"ஏங்க, நீங்க இல்லாட்டி எனக்கு யாருங்க இருக்கறாங்க? மீசைய மீசையத் திட்டுனேனே, அதயெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க. கோயில்ல நீங்க தாலி கட்ட வந்து நின்னப்ப, நாந் தலையத் தூக்கி மொதல்ல பாத்ததே அதத்தான். அன்னிக்கே புடிச்சுப்போச்சுங்க. வாயத் தொறந்து சொல்லத்தான் வெக்கமாப் போச்சு. வூட்டுக்கு வந்துருங்க. அது போதும் எனக்கு."

அத்தைக்குள் இப்படிப்பட்ட பேச்சு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கட்டிலில் இருந்தவர் மெல்லக் கண்ணைத் திறந்தார். ஓசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர்.

"அம்மா, நா உங்க யஜமானரு இல்லம்மா. அவரு இந்தப் பக்கம் இருக்கறாரு போல. நீங்க பேசப் பேச அவருதாம்மா அழுவறாரு."

பக்கத்துக் கட்டிலில், மேலுதடு வெளுத்துப்போய், எங்கள் யாருக்கும் அடையாளம் தெரியாத ஒரு மனிதர் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். கண்ணீர் இரண்டு காதிலும் வழிந்துகொண்டிருந்தது. அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தார். முந்தானையை அங்கிக்குள்ளிருந்து இழுத்து அவர் காதைத் துடைத்துவிட்டார்.

மாமா நன்றாக இருக்கிறார். மீசைதான் இல்லை. வளர்ந்தது, வளர வளர அவரே எடுத்துவிடுகிறார். சந்தையில் பார்க்கிறவர்கள் பதறிப்போய், "யாருக்குங்க?" என்று கேட்கிறார்கள். "எல்லாரும் சொகமாத்தான் இருக்கறாங்க" என்று சொல்லிவிட்டு வருகிறார்.

போன மாதம் போயிருந்தபோது, ஏன் மாமா திரும்ப வைக்கவில்லை என்று கேட்டேன்.

"வெச்சு என்ன கண்ணு பிரயோசனம்? முப்பது வருசம் நான் வளத்துனேன், பேச்ச வேற ஒருத்தரு வாங்கிட்டுப் போனாரு. எங்கிட்ட இன்னும் ஒரு வார்த்த சொல்லல உன்ற அத்த."

அத்தை மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பக்கத்துல படுத்துக் கேட்டுட்டுத்தான இருந்தீங்க? அப்பறம் என்னத்துக்கு இன்னொருக்கா?"

மாமா டம்ளரை வாங்கிக்கொண்டார். அவர் சிரிக்கும்போது மேலுதடு இடப் பக்கமாகக் கொஞ்சம் கோணும் என்பதை இத்தனை வயதுக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன். அத்தையும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.