பைக்குள் கைவிடும் ஊர்

கரியாலூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து ஒருத்தி கள்ளக்குறிச்சிக்குக் கிளம்பினால் ஊருக்கே தெரிந்துவிடும். ஒருத்தி வளையல் வாங்கிவரச் சொல்வாள், இன்னொருத்தி வெற்றிலை. திரும்பி வந்து இறங்கியதும் பஸ் நிற்கும் இடத்திலேயே பைக்குள் கையை விட்டு அவரவர் பொருளை அவரவரே எடுத்துக்கொள்வார்கள். பையை இறுக்கிப் பிடித்தால் எதையோ ஒளிக்கிறாள் என்று பேச்சு வரும். நல்ல வழக்கமாம். எனக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அந்தப் பையில்தான் என் எச்ஐவி மாத்திரைகள் வரும். செத்துப்போன என் வீட்டுக்காரர் விட்டுப்போன ஒரே சொத்து அந்த நோய். தாயும் தகப்பனும் இல்லாத என் தங்கையின் இரண்டு பெண்களை நான்தான் வளர்க்கிறேன். விஷயம் வெளியே தெரிந்தால் இதே ஊரில் இருக்கும் அவர்களுடைய அத்தை வந்து பிடுங்கிக்கொண்டு போய்விடுவாள். பாசம் ஒன்றும் கிடையாது. பிள்ளைகளோடு அவர்கள் அப்பன் நிலமும் சேர்ந்து வரும், அவ்வளவுதான்.

அதனால் மாத்திரைகளை டப்பாவிலிருந்து கொட்டி, கல்லுப்புப் பொட்டலத்துக்குள் புதைத்துக் கொண்டுவருவேன். உப்பை யாரும் கிளற மாட்டார்கள். ஆனால் மழைக்காலத்தில் உப்பு நீர்விட்டு மாத்திரைகள் கரைந்துபோயின. அடுத்த தடவை ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்துவிட்டு நர்சம்மா எல்லோர் எதிரிலும் கத்தினார்.

"பொட்டப் புள்ளைங்கள வச்சிக்கினு மாத்தர ஒயுங்கா போடாம இருக்கியே. நீ பூட்டா அதுங்களுக்கு யாரு?"

"எங்க ஊரு பஸ்ஸுல ஒருவாட்டி வந்து பாருங்கம்மா, அப்பறம் திட்டுங்க" என்றேன்.

அவருக்கு முகம் கடுத்துவிட்டது. மாத்திரையை டப்பாவை விட்டு எடுக்கவே கூடாது என்றார். சரியென்று டப்பாவோடு வந்தேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் பைக்குள் கையை விட்டவள் அந்த அத்தைக்காரிதான். வெற்றிலைக்குப் பதில் டப்பா வந்தது. ஆட்டிப் பார்த்தாள்.

"இது இன்னாடி? பக்கத்து ஊருல அந்த நோவுல செத்தானே ஒருத்தன், அவன் வூட்டுலயும் இதே டப்பாதான் இருந்துச்சி."

என்னை எதிர்பார்த்து நின்றிருந்த சின்னவள் முன்னால் வந்தாள். உப்புக்குள் நான் துழாவுவதை அவள் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள்.

"என்னுது அத்த. எனக்குத்தான் பெரிம்மா வாங்கியாந்துச்சி."

சுற்றி நின்றவர்கள் விலகினார்கள். பக்கத்தில் நின்ற பிள்ளையை அதன் அம்மா இழுத்துக்கொண்டாள்.

"அது பொய் சொல்லுது. நோவு எனக்குத்தான். அதுங்களுக்கு ஒண்ணும் இல்ல, ரத்தம் பாத்தாச்சி. குடு டப்பாவ" என்று பிடுங்கினேன்.

அத்தைக்காரி பிள்ளைகளைக் கேட்டு வருவாள் என்று கதவோரம் அரிவாளை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. மழை விட்டதும் பிள்ளைகளின் அப்பன் நிலத்தை மட்டும் உழுதுகொண்டாள். சின்னவள் ஒருநாள் அவள் வாசலில் போய் உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளை எழுந்ததும் அத்தைக்காரி அந்த இடத்தில் சாணி தெளித்தாளாம்.

பிள்ளைகள் என்னிடம்தான் இருக்கிறார்கள். வேறு யாருக்கும் வேண்டாமாம்.