ஆடிய தலையும் ஆடாத கொடியும்

பிரபாலினிக்கு ஒரு தலை இருக்கிறது. எல்லாருக்கும் இருப்பதுதானே என்று கேட்க வேண்டாம். மற்றவர்களின் தலை சொல்வழி கேட்கும், இவளுடையது கேட்காது. ஓம், அதாவது ஆமாம், என்று சொல்ல வேண்டிய இடத்தில், வாய் திறக்க முதலே அது இடமும் வலமுமாக ஆடி முடித்துவிடும். நம்முடைய ஆட்களிடம் இதனால் ஒரு கரைச்சலும் இல்லை. கோயிலில் "அக்கா, சாப்பிட்டிட்டுத்தானே போறியள்?" என்று கேட்பவர், அந்த ஆட்டத்தைக் கண்டவுடன் இலையைப் போட்டுவிடுவார். ஜேர்மன்காரருக்கோ தலை பக்கவாட்டில் அசைந்தால் இல்லை, மாட்டேன், வேண்டாம். வேறு பொருளே கிடையாது.

அவள் கலியாணம் கட்டி ஜேர்மனியின் வுப்பர்டால் நகரத்துக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை. அங்கிருக்கும் கிழவிகள் முதலில் குழம்பிப்போய், பிறகு தாங்களாகவே பழகிக்கொண்டார்கள். "கோப்பி இன்னும் இருக்கா?" என்று கேட்டுவிட்டு, அவளுடைய தலை ஆடுவதைப் பார்த்துக் கோப்பையை நீட்டுவார்கள். ஒருத்தி பதிலுக்குத் தானும் ஆட்டிக் காட்டிச் சிரிப்பாள். ஆனால் அந்தக் கட்டடத்துக்கு வெளியே அப்படிப் பழகிக்கொள்ள யாருக்கு நேரம்? வெளிநாட்டவர் அலுவலகத்தில் "விளங்கியதா?" என்று கேட்ட பெண், இவள் ஆட்ட ஆட்ட, அதே வசனத்தை ஒவ்வொரு தரமும் கூடுதல் சத்தத்தில் சொல்லித் தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம்.

அதையெல்லாம் பிரபாலினி சிரித்துக் கடந்துவிட்டாள். கடக்க முடியாமற் போனது ரோல்ஸ் விவகாரம் ஒன்றுதான்.

அவளுடைய ஒரே மகள் பிருந்தாவுக்குப் பதினாறு வயது. பெண்பிள்ளைகளின் உதைபந்தாட்ட அணியில் வலப்பக்கம் ஓடுகிறவள். அந்த அணியில் பிள்ளை விளையாடினால் பெற்றோருக்கும் வேலை உண்டு. ஒரு வீடு கேக் விற்கும், ஒரு வீடு காரில் பிள்ளைகளை ஏற்றிப்போகும், ஒரு வீடு உடுப்புத் தோய்க்கும். இதற்கு டீன்ஸ்ட் என்று பெயர். முதல் வருடத்திலேயே பயிற்சியாளர் சில்க்கெ, "சனிக்கிழமை சாப்பாட்டு மேசை உங்களுக்குச் சரியா?" என்று கேட்டாள். பிரபாலினியின் தலை சந்தோசமாக ஆடியது. பாவம், முடியாது போலிருக்கிறது என்று நினைத்த சில்க்கெ, மேசையை வேறொரு தாயிடம் கொடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை பிரபாலினி விடியமுதல் எழும்பி, மரக்கறி ரோல்ஸ் சுட்டு, இரண்டு பெரிய தட்டுகளில் அடுக்கி, அந்த ஊரின் முடிவில்லாத படிக்கட்டுகளில் மூச்சு வாங்க ஏறி மைதானத்துக்குப் போனால், மேசை நிறையக் கேக். மேசைக்குப் பின்னால் இன்னொருத்தி. தட்டை வைக்க ஒரு சாண் இடமில்லை. யாரிடம் என்ன கேட்பதென்று தெரியாமல், பாதி ஆட்டம் முடியும்வரை தட்டுகளைக் கையிலேயே ஏந்திக்கொண்டு நின்றாள். பிள்ளைகள் விளையாட்டை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள். பிருந்தா பார்க்கவேயில்லை. வீடு திரும்பும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அம்மா, இனி மட்ச்சுக்கு வராதேங்கோ. பிளீஸ்."

அந்தப் பிளீஸ்தான் பிரபாலினியின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது. கோபித்துச் சொல்லியிருந்தால் இரண்டு ஏச்சு ஏசிவிட்டு மறந்திருப்பாள். பிள்ளை கெஞ்சியல்லவா கேட்டது?

அன்றிலிருந்து அவள் எடுத்துக்கொண்டது உடுப்புத் தோய்க்கிற வேலை. அதற்கு யார் கண்ணிலும் படத் தேவையில்லை. அந்த மைதானம் புல்லும் இல்லை, ஒன்றும் இல்லை. சிவப்புச் சாம்பல் மண். மழை பெய்தால் சட்டைகளெல்லாம் செங்கல் அறுத்தவர்களின் சட்டை மாதிரி வரும். ஊறவைத்து, தேய்த்து, திரும்ப ஊறவைத்து, வெள்ளையாக்கிக் கொண்டுபோய், வாசற்கதவில் சில்க்கெயிடம் பையை நீட்டிவிட்டுத் திரும்பிவிடுவாள். திரும்பிவிடுவாள் என்று சொல்கிறேனே, எங்கே? மைதானத்துக்கு மேலே போகும் படிக்கட்டில் பாதிவழியில் ஒரு மரம் நிற்கிறது. அதன் பின்னால் நின்று பார்ப்பாள். இருக்க மாட்டாள், ஓரிடத்தில் நிற்கவும் மாட்டாள். இரண்டு படி ஏறுவாள், மூன்று படி இறங்குவாள், தாவணி நுனியைப் போலக் கழுத்துச் சால்வையின் நுனியைத் திருகுவாள். மகள் விழுந்தால் "ஐயோ என்ர பிள்ளை" என்று மரத்தைப் பிடித்துக்கொள்வாள்.

கணவர் குணசேகரம் லொறி ஓட்டுகிறவர், சனிக்கிழமையும் ரோட்டில்தான். "நீ பேசாமல் உள்ளுக்குப் போய் நிண்டால் என்ன? பெத்த தாய்தானே?" என்பார்.

"அவள் வரச்சொல்லட்டும். அதுவரைக்கும் போகமாட்டன்" என்பாள் இவள். வரச்சொல்ல மாட்டாளா என்ற ஏக்கத்தை மட்டும் அவரிடம் சொன்னதில்லை.

இந்த வருடம் கடைசி ஆட்டத்தன்று வழமைபோல வாசலில் பையை நீட்டினாள். சில்க்கெ பையை வாங்கவில்லை, அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். வழமையாக ஓரக்கோட்டில் கொடி பிடிக்கும் ஒரு தகப்பனுக்கு இடுப்புப் பிடித்துவிட்டதாம், படுக்கையை விட்டு எழும்ப ஏலாதாம். மற்றப் பெற்றோரெல்லாம் ஏதோ ஒரு வேலையில் மாட்டியிருக்கிறார்கள். நடுவர் கொடிக்கு ஆள் கேட்கிறார்.

"நீங்கள் பிடிப்பீர்களா?"

பிரபாலினி தலை ஆடத் தொடங்கியதை உணர்ந்து, கழுத்தை விறைப்பாக்கிக்கொண்டு, ஓம் என்பதற்கு ஜேர்மனில் "யா" என்றாள், அடிவயிற்றிலிருந்து.

செய்தி காற்றில் போனதோ என்னவோ, அடுத்த நிமிடம் பிருந்தா ஓடி வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"அம்மா, நீங்களோ?"

"ஆள் இல்லையாம் பிள்ளை. நீ வேண்டாமெண்டால் போறன்."

பிருந்தா தோழிகளின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "சரி, நில்லுங்கோ. பந்து கோட்டைத் தாண்டினால் கொடியைத் தூக்குங்கோ. கோட்டில பட்டுக்கொண்டிருந்தால் அது உள்ளுக்கு, தூக்கக்கூடாது. வேற ஒண்டும் செய்ய வேண்டாம். முக்கியமா..." தன் தலையைத் தொட்டுக் காட்டினாள். "விளங்குதோ?"

பிரபாலினியின் தலை ஆடியது.

"அம்மா!"

"சரி, சரி. ஆட்டமாட்டன்."

வென்றால் அணி மேல் பிரிவுக்குப் போகும், சமநிலையானால் போகாது. மைதானத்தில் எல்லாருக்கும் கவலை அதுதான். பிரபாலினிக்கு மேல் பிரிவும் தெரியாது, கீழ்ப் பிரிவும் தெரியாது. இன்றைக்கு ஒருநாள் மானம் போகாமல் நின்று காட்டிவிட்டால், அந்த வராதேங்கோவும் பிளீஸும் அதோடு தொலைந்துவிடும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

நின்று காட்டத்தான் செய்தாள். பந்தோடு ஓடினாள், பந்தோடு திரும்பினாள். தூறல் விழுந்தது, சப்பாத்துக்குள் சிவப்புச் சேறு போனது, பொருட்படுத்தவில்லை. பந்து தாண்டினால் கொடி மேலே. தாண்டாவிட்டால் கொடி கீழே, கழுத்து மரக்கட்டை. கூட நின்ற தாய் ஒருத்தி "குளிர்கிறதா?" என்று கேட்டதற்குக்கூட "நைன்", இல்லை, என்று வாயாலேயே சொன்னாள். முதற்பாதி முடிய, பிருந்தா தண்ணீர் குடித்தபடி தூரத்திலிருந்து பெருவிரலை உயர்த்திக் காட்டினாள். பிரபாலினிக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். பின்னே என்ன, அந்த மரத்தின் பின்னால் எத்தனை சனிக்கிழமை!

இரண்டாம் பாதி முடியப்போகிறது. ஒன்றுக்கு ஒன்று. பிருந்தாவிடம் பந்து வந்தது. அவள் தாய் நிற்கும் ஓரமாகவே, வெள்ளைக்கோட்டை உரசிக்கொண்டு அதைத் தட்டிக்கொண்டு வந்தாள். தாயின் காலடிக்கு முன்னால் பந்து கோட்டின் மேலேயே உருண்டது. பாதி உள்ளே, பாதி வெளியே, ஆனால் கோட்டில். பிரபாலினி குனிந்தே பார்த்தாள். கொடி அசையவில்லை. பிருந்தா உள்ளே வெட்டித் திரும்பி அடித்த அடியில் பந்து வலைக்குள் போனது.

பிள்ளைகள் கத்திக்கொண்டு ஒருத்திமேல் ஒருத்தி விழுந்தார்கள். எதிரணியோ கையைத் தூக்கிக்கொண்டு நடுவரைச் சூழ்ந்தது. பந்து வெளியே போய்விட்டது, வெளியே! நடுவர் வயதானவர், வயிறு பெருத்தவர், மைதானத்தின் மறுபாதியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அங்கிருந்தே கையைக் குவித்துக் கூப்பிட்டார்.

"கொடிக்காரம்மா! பந்து உள்ளேதானே?"

மகள் அடித்த பந்து, மைதானம் முழுக்க அவளையே பார்க்கிறது, சந்தோசம் தொண்டை வரைக்கும் நிற்கிறது. அந்த நேரத்தில் கழுத்தை யார் நினைத்தார்கள்? ஓம், ஓம், உள்ளுக்குத்தான் என்று தலை ஆடியது. இவ்வளவு நேரமும் அடக்கி வைத்ததற்கெல்லாம் சேர்த்து ஆடியது.

நடுவர் விசிலை ஊதினார். கோல் இல்லை. பந்து வெளியே போனதென்று எதிரணிக்கு எறிபந்து.

என்ன நடந்ததென்று பிரபாலினிக்கு விளங்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. பாழாய்ப்போன தலையே! பிருந்தா நேரே அவளை நோக்கி ஓடி வந்தாள். இன்றோடு சரி, இனி இந்த வாசற்படலைப் பக்கமும் வர ஏலாது என்று பிரபாலினி நினைத்துக்கொண்டாள்.

"அம்மா, தலையை ஆட்டினனீங்களோ?"

தலை மறுபடியும் ஆடியது.

பிருந்தா ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு திரும்பி நடுவரைக் கூப்பிட்டாள். "என்னுடைய அம்மா ஓம் என்றுதான் சொன்னார். எங்களுடைய ஆட்கள் ஓம் என்பதற்கு இப்படித்தான் ஆட்டுவார்கள்!" எதிரணியில் சிரிப்பு வெடித்தது. நடுவர் ஆட்டத்தைத் தொடங்க விடாமல் நிறுத்திவிட்டு, சேற்றில் மெல்ல நடந்து வந்தார்.

"சொல்லுங்கள். பந்து உள்ளேயா?"

"யா" என்றாள் பிரபாலினி. தலை இடமும் வலமுமாக ஆடியது.

"அம்மணி, இதில் நான் எதை நம்புவது?"

சொந்தப் பக்கத்துப் பெற்றோரும் சிரித்துவிட்டார்கள். பிரபாலினிக்கு அழுகை முட்டியது. அப்போது பிருந்தா ஒரு காரியம் செய்தாள். சிவப்புச் சேறு பூசியிருந்த இரண்டு கைகளாலும் தாயின் கன்னங்களை இறுக்கிப் பிடித்து, அந்தத் தலையை ஆடாமல் நிறுத்தினாள். அத்தனை தோழிகளுக்கும் முன்னால்.

"இப்ப சொல்லுங்கோ அம்மா. பயப்பிடாதேங்கோ."

"பந்து கோட்டில் இருந்தது. கோட்டில் இருந்தால் உள்ளே" என்றாள் பிரபாலினி ஜேர்மனில். தலை அசையவில்லை.

நடுவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நம்புகிறேன்" என்றார், உண்மையான வருத்தத்தோடு. "ஆனால் மகள் தலையைப் பிடித்திருக்க, தாய் சொன்ன சாட்சியை வைத்து நான் கோல் கொடுத்தால், அந்தப் பக்கத்தார் என்னை உயிரோடு வீட்டுக்குப் போக விடமாட்டார்கள். எறிபந்துதான்."

ஒன்றுக்கு ஒன்றிலேயே ஆட்டம் முடிந்தது. மேல் பிரிவு போய்விட்டது. பிள்ளைகள் சேற்றிலேயே குந்தினார்கள், ஒருத்தி விம்மி அழுதாள். ஒரு தகப்பன் யாருக்கும் சொல்லாதவர்போல, "கொடி பிடிக்கத் தெரிந்த ஆளாகப் பார்த்திருக்கலாம்" என்று முணுமுணுத்தார். அது பிரபாலினியின் காதில் விழ வேண்டுமென்றே சொன்னது, விழுந்தது. கொடியைச் சுருட்டினாள், விரித்தாள், யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் மறுபடியும் சுருட்டினாள். கன்னத்துச் சேற்றைத் துடைக்கவும் தோன்றவில்லை.

பிருந்தா அழுக்குச் சட்டைகள் நிறைந்த பையை இழுத்துக்கொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"குறை நினைக்காதை பிள்ளை" என்றாள் பிரபாலினி. "இனி வரமாட்டன். பையை மட்டும் வாசலில வாங்கிக்கொண்டு போறன்."

"ஆர் உங்களை வரவேண்டாமெண்டது?"

"நீதானே சொன்னனீ. அண்டைக்கு."

பிருந்தாவுக்கு உடனே நினைவு வரவில்லை. வந்தபோது உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ அம்மா. அது ரோல்ஸுக்குச் சொன்னது, உங்களுக்கில்லை."

இரண்டு வருடம்! ரோல்ஸுக்குச் சொன்னதற்கு இரண்டு வருடம் மரத்தின் பின்னால் நின்றிருக்கிறாள். ஏசுவதா சிரிப்பதா என்று தெரியாமல் பிரபாலினி மகளைப் பார்த்துக்கொண்டு நிற்க, சில்க்கெ அந்தப் பக்கமாக வந்தாள். அடுத்த சனிக்கிழமை பக்கத்து ஊர் அணியோடு சும்மா ஒரு ஆட்டம் இருக்கிறதாம். பிருந்தாவிடம், கொஞ்சம் தயங்கிக்கொண்டே கேட்டாள்.

"உன்னுடைய அம்மாவே திரும்பவும் கொடி பிடிக்கட்டுமா?"

பிருந்தா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தாள். வாய் திறக்கவில்லை. அவளுடைய தலை, வுப்பர்டாலில் பிறந்து அங்கேயே வளர்ந்த தலை, மெல்ல இடமும் வலமுமாக ஆடியது.

சில்க்கெ இரண்டு கைகளையும் விரித்தாள். "கடவுளே, இது ஓமா, இல்லையா?"

"ஓம்" என்றாள் பிரபாலினி சத்தமாக. "அவள் ஓம் என்கிறாள்."