பச்சை திரும்பாத கன்னம்

1. எல்லார் வாயும் கருப்பு

கூடலூரில் நாங்கள் நடத்திய முதல் வாய்ப் புற்றுநோய் கேம்ப் மதியத்துக்குள் கேலிக்கூத்தாகிவிட்டது.

என் கையில் இருந்தது ஃபோனில் மாட்டும் ஒரு சின்ன லைட் யூனிட். ஊதா கலந்த நீல ஒளியை வாய்க்குள் அடிக்கும். நல்ல சதை ஸ்கிரீனில் வெளிர்பச்சையாக மின்னும். மாறத் தொடங்கிய இடம் மின்னாமல் கருப்பாக நிற்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாத சில மாற்றங்களையும் காட்டிக்கொடுக்கும் என்பதால்தான் இதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைகிறோம். அன்று வந்த பெண்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் வாய் முழுக்கக் கருப்பு.

வந்தவர்கள் விடியுமுன் ஜீப் ஏறி, குமுளிக்கு மேலே ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் காயெடுக்கப் போகிறவர்கள். அந்த ஜீப்புகளுக்கு ஆள் சேர்க்கும் ஏஜெண்ட் சின்னராசு வாசலிலேயே நின்று வேடிக்கை பார்த்தார்.

"ஊரு பூராவுக்குமா கேன்சரு? ஏலே, வாயி கருப்பில்லடா, ஒன் மிஷினுதான் கருப்பு."

பெண்களும் சிரித்துவிட்டார்கள். நான் பெட்டியை மூடும்போது பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஒங்காத்தா என் ஜீப்புல தொங்கிக்கிட்டுப் போயித்தான் ஒன்னைய படிக்க வச்சா. அந்தப் படிப்ப வச்சு என் ஆளுகளையே பயங்காட்டுறியா?"

அம்மா முழங்கால் தேயும்வரை அந்த ஜீப்பில் போனது உண்மை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான் என்பதும் உண்மை. "அதுக்குத்தான்ணே இங்கன வந்து நிக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

2. உப்பும் உமிக்கரியும்

நான் எடுக்கும் படங்களைத் தேனியில் இருக்கும் டாக்டர் மேடம் பார்ப்பார். படங்களைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒன்றைத்தான். வருவதற்கு முன் இவர்கள் வாயை என்ன செய்தார்கள்?

விசாரித்தேன். ஆட்டோவில் மைக் கட்டி, வாயைச் சுத்தம் செய்துகொண்டு வரச் சொல்லியிருந்தோம். டாக்டர் முன்னால் வெத்தலைக் கறையோடு வாய் திறந்தால் மரியாதையா என்று நினைத்த பெண்கள், உப்பையும் உமிக்கரியையும் சேர்த்து, ஈறும் கன்னமும் ரத்தம் கட்டும்வரை தேய்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். ரத்தம் கட்டிய இடமும் இந்த ஒளியில் கருப்பாகத்தான் தெரியும்.

மேடம் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். கருப்பான இடத்தை மழுங்கிய கருவியால் மெல்ல அழுத்த வேண்டும். வெறும் புண், வீக்கம் என்றால் பெரும்பாலும் ரத்தம் விலகிப் பச்சை திரும்பும். திரும்பாவிட்டால் விடக்கூடாது. இரண்டு வாரம் போகட்டும், தேய்த்த புண் ஆறியபின் எல்லாரையும் மறுபடி பார் என்றார்.

ஆனால் சின்னராசு முந்திக்கொண்டார். கேம்ப்புக்கு என்று ஜீப்பை விட்டு இறங்குகிறவளுக்கு மறுநாள் சீட் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

யோசித்தேன். எங்களுக்கு வேண்டியது இருட்டு. கேம்ப்பில் ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டியும் வெளிச்சம் கசிந்தது. விடியுமுன் படுதாவை இறக்கிவிட்ட ஜீப்பைவிட நல்ல இருட்டறை இந்த ஊரில் எங்கே கிடைக்கும்? இறங்கக் கூடாது என்றுதானே சொன்னார்? இரண்டு வாரம் கழிந்ததும் நான் ஏறிக்கொண்டேன்.

3. படுதாவுக்குள்ளே

ஆள் நிறையும்வரை ஜீப் ஸ்டாண்டில் நிற்கும். ஏஜெண்ட் டீக்கடையில் இருப்பார். அந்த இடைவெளிதான் எனக்கு.

"சீக்கிரம் பாருலே, வெத்தல போடணும்" என்று அவசரப்படுத்தினார்கள். அழுத்திப் பார்க்க அவசியமே இல்லாமல், ஒவ்வொரு வாயும் பச்சையாக மின்னியது. கடைசியாக, ஓரச் சீட்டில் இருந்த பாண்டியம்மா அத்தை. வீட்டில் சம்பாதிக்கிற ஒரே ஆள் அவர்.

காயெடுக்கும்போது கை எந்நேரமும் ஈரமும் மண்ணுமாக இருக்கும். சுருக்குப்பையைத் திறக்க முடியாது. அதனால் காலையில் போடும் வெத்தலையையும் புகையிலையையும் மதியச் சாப்பாடுவரை ஒரே கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்வார்கள். அவரவருக்கு ஒரு பக்கம் உண்டு. அத்தை இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். வலது கன்னம் பச்சை. இடது கன்னத்தில் புளியங்கொட்டை அளவுக்குக் கருப்பு. அழுத்தினேன். பச்சை திரும்பவில்லை. மறுபடி அழுத்தினேன். திரும்பவில்லை.

படத்தைக் களப்பணியாளர்களான நாங்கள் அவர்களிடம் காட்டக்கூடாது, டாக்டரைப் பார்க்கச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதுதான் விதி. நான் ஃபோனைத் திருப்பிக்கொண்டேன்.

"என் வாயி. என்கிட்ட காட்டாம வேற யார்கிட்ட காட்டப் போற?"

காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"வலிக்கவே இல்லையேப்பா."

"வலிக்கிறதுக்கு முந்தியே பாக்கத்தான் அத்த இது. லைட்டு கேன்சருன்னு சொல்லாது. சதையக் கிள்ளி டெஸ்ட்டு பண்ணாத்தான் தெரியும். டாக்டரம்மா தேனிக்கு வரச் சொல்லுவாக."

படுதா விலகியது. டீ கிளாஸோடு சின்னராசு. என்னை இறங்கச் சொன்னார். பிறகு அத்தையிடம், "நீ தேனிக்குப் போனா இங்கன வேற ஆளு ஏறிருவா. பெறகு என்கிட்ட வந்து நிக்கக் கூடாது" என்றார்.

அத்தை முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இம்புட்டுக்காணு தெறந்து காட்டுனதுக்கே இந்தப் பேச்சா? அப்ப இன்னும் நல்லாத் தெறக்குறேன்."

இறங்கிவிட்டார். தன் தூக்குவாளியைச் சீட்டிலேயே வைத்துவிட்டு, "இது என் எடம், பாத்துக்கங்கடி" என்றார்.

4. தூக்குவாளி போய்வந்த சீட்

பயாப்ஸியில் புற்றுநோய்தான் என்று வந்தது. ஆனால் ஆரம்பம். சின்ன ஆபரேஷனோடு முடிந்தது; தாடை தப்பியது.

அத்தை ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் அந்தத் தூக்குவாளி மலைக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. அதில் தினமும் யாராவது சோறு போட்டுக்கொண்டு வந்து, எல்லாரும் பகிர்ந்து தின்றிருக்கிறார்கள். புது ஆளை ஏற்ற ஏஜெண்ட் ஒருநாள் வாளியை எடுத்துக் கீழே வைத்தார். அதன் பின்னாலேயே மொத்த ஜீப்பும் இறங்கி நின்றுவிட்டது. காயெடுப்பு உச்சத்தில் இருந்த சமயம். மேலே தோட்டத்திலிருந்து ஃபோன் மேல் ஃபோன். கடைசியில் வாளியை அவரே எடுத்துச் சீட்டில் வைத்தாராம். தையல் போட்ட கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, பாதி வாயால் சிரித்தபடி அத்தை சொன்னது இது.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். லைட்டைப் போடுவதற்கு முன் வாயைப் பற்றிக் கேளுங்கள்: என்ன வைத்துத் தேய்த்தார்கள், எந்தப் பக்கம் ஒதுக்குகிறார்கள் என்று. படத்தை அந்த வாய்க்குச் சொந்தக்காரரிடம் மறைக்காதீர்கள். விதியை மீறிப் படத்தைக் காட்டியதற்காக எனக்கு விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. அதற்கும் இதையேதான் பதிலாக எழுதிக் கொடுத்தேன்.

போன வாரம் ஸ்டாண்டில் சின்னராசு மறித்தார். "இன்னும் எத்தன பேத்தடா எறக்கப் போற?"

"பச்ச திரும்பாத அத்தன பேத்தயும்ணே" என்று சொல்லிவிட்டு ஏறினேன். உள்ளே இருந்து பாண்டியம்மா அத்தை கையை நீட்டிப் படுதாவை இழுத்துவிட்டார்.