நான் நீக்கிய பெயர்

ஒரு பெண்ணின் வேலையையும் நல்ல பெயரையும் நான் கெடுத்தேன். தெரிந்தே கெடுத்தேன். அதற்கு எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. அலுவலக மடிக்கணினியில் புளூடூத் பட்டியலைத் திறந்து, அதில் இருந்த இரண்டு போன்களின் பெயரில் ஒன்றை நீக்கினேன். நிச்சயமாகவா என்று அது ஒருமுறை கேட்டது. ஆம் என்று அழுத்தினேன்.

கணினி பழகாத தலைமுறை, பாவம் என்று என் மருமகன் எனக்காகப் பரிந்து பேசுகிறான். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் இயற்பியலில் முதுகலை படித்தவன். ரேடியோ அலைக்குச் சுவர் ஒரு பொருட்டல்ல என்பதை எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. எனக்கு இல்லாமல் போனது அறிவு அல்ல.

கப்பலூரில் வண்டிகளுக்கு ரப்பர் வளையங்கள் செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் மேலாளராக இருந்தேன். முதலாளி வயதில் இளையவர். அவருடைய அப்பா காலத்திலிருந்தே நான் அங்கே இருந்ததால் அவரைத் தம்பி என்பேன். அவர் என்னை சார் என்பார். அலுவலக அறையில் என்னோடு இருந்தது ஒரே ஒரு பெண். அழகர்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். அப்படியும் ஆனையூரிலிருந்து பைக்கில் வருகிற எனக்கு முன்னால் வந்திருப்பாள். அவளுடைய அப்பா அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர். அந்த வீட்டின் முதல் பட்டதாரி அவள்தான். கடிதம், விலைப்பட்டியல் எல்லாம் அவள் தட்டச்சு செய்தவை. அவற்றின் அடியில் இருந்த கையெழுத்து என்னுடையது.

அந்த வருடம் ஆயுதபூஜைக்கு, ரப்பரை வளையமாக அழுத்தும் அச்சு இயந்திரங்களோடு மடிக்கணினியையும் வைத்தோம். முதலாளி தன் கையாலேயே எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். மடிக்கணினியின் மூடியில் வைத்திருக்கலாம். திறந்த திரையின் நட்டநடுவில், குழைத்த சந்தனத்தை அப்பி அதன்மேல் குங்குமம் வைத்தார். எங்கள் கம்பெனியில் அந்தப் பொட்டைத் துடைக்க மாட்டோம். காய்ந்து தானாக உதிர வேண்டும்.

பூஜைக்குப் பாட்டு வேண்டுமென்றார்கள். ஒலிபெருக்கி மடிக்கணினியோடு இணைந்திருந்தது; பாட்டு அந்தப் பெண்ணின் போனில் இருந்தது. புளூடூத்தில் சேர்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பொரிகடலைக்கு வந்திருந்த, ரப்பரில் கலக்கும் கார்பன் தூளின் ஏஜென்ட், என் போனிலும் நல்ல பாட்டு இருக்கு சார் என்று அவனுடையதையும் எடுத்தான். தொழிற்பேட்டையில் இருந்த எல்லா ரப்பர் கம்பெனிக்கும் தூள் கொடுப்பவன் அவன்தான். எங்களோடு போட்டி போடும் கம்பெனிக்கும்.

இரண்டும் ஒரே மாடல் போன். இருவருமே போனுக்குத் தனிப்பெயர் வைக்கவில்லை. பட்டியலில் ஒரே பெயர் இரண்டு முறை வந்தது. நான் மேலே இருந்ததைத் தொட்டேன். திரையில் ஒரு பெட்டி வந்தது. ஆறு இலக்க எண்ணைக் காட்டி, இதே எண் அந்தப் போனிலும் தெரிகிறதா என்று கேட்டது. எண் சந்தனத்துக்கு அடியில் இருந்தது.

இந்த இடத்தை நினைக்கும்போதெல்லாம் என் கையையே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. பெட்டியை ஒரு விரல்கடை நகர்த்தியிருந்தால் எண் தெரிந்திருக்கும். அந்த மொத்த ஏற்பாட்டிலும் இயந்திரம் மனிதனிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: இரண்டு எண்ணையும் கண்ணால் பார்த்து ஒன்றா என்று சொல். அவள் பக்கத்தில் நின்று, "எனக்கு ஒண்ணுமே வரலையே சார்" என்றாள். அதற்குள் நான் ஆம் என்று அழுத்திவிட்டேன். ஏஜென்டும் அவன் போனில் எதையோ அழுத்தினான். இணைந்தது. பாட்டு மட்டும் வரவில்லை.

பிறகு அவள் சொல்லித்தான் கீழே இருந்த பெயரைத் தொட்டேன். இந்த முறை அவள் போனில் எண் வந்தது. வாய்விட்டுப் படித்தாள். நான் அப்போதும் ஒப்பிடவில்லை. பாட்டு வந்தது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"முதல்ல சேர்ந்தது யாரோடதோ சார். அதைப் பாத்து எடுத்துருங்க" என்றாள்.

"அது பாட்டுக்குக் கெடக்கட்டும்மா. என்ன பண்ணப்போவுது?" என்றேன்.

அடுத்த வாரம் ஒரு பெரிய வாடிக்கையாளருக்கு விலைப்பட்டியல் கொடுக்க வேண்டியிருந்தது. அலுவலக பிரிண்டர் ரிப்பேர். கோப்பை அவள் போனுக்கு அனுப்பி, அவள் வெளியே ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து வருவது வழக்கம். இணையம் அன்று இழுத்துக்கொண்டிருந்ததால் புளூடூத்தில் அனுப்பினேன். மேலே இருந்த பெயருக்கு. போய்ச் சேர்ந்தது என்று திரை சொன்னது. வரவில்லை என்று அவள் சொன்னாள். சலித்துக்கொண்டு கீழே இருந்த பெயருக்கு இன்னொரு முறை அனுப்பினேன். வந்தது. கதவுக்கு வெளியே பெஞ்சில் கார்பன் ஏஜென்ட் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த ஆர்டர் எங்கள் கையை விட்டுப் போனது. போட்டிக் கம்பெனிக்காரர்கள் எங்களுடைய விலைப்பட்டியலையே பார்த்து எழுதியதுபோல், அதே வரிசையில், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் குறைத்துப் போட்டிருந்தார்கள் என்று வாடிக்கையாளர் தரப்பிலிருந்தே முதலாளிக்குச் சேதி வந்தது. மதியம் மூன்று மணிக்கு எல்லோரும் என் அறைக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

நான் சாப்பிடவில்லை. மடிக்கணினியைத் திறந்து பட்டியலைப் பார்த்தேன். ஒரே பெயர், இரண்டு முறை. பாட்டு வராதது, கோப்பு வராதது, பெஞ்சில் இருந்தவன் எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. முப்பது வருடம் என்னை நம்பிய கம்பெனியில் என் கவனக்குறைவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேலே இருந்ததை நீக்கினேன். அவள் எடுக்கச் சொன்ன அதே பெயரை, அவளுக்கு எதிராக எடுத்தேன்.

மூன்று மணிக்கு மேஸ்திரிகள்கூட வந்து நின்றார்கள். இந்தப் பட்டியல் யாருக்கெல்லாம் போனது என்று முதலாளி கேட்டார்.

"இந்தப் பொண்ணு போனுக்கு மட்டுந்தான் தம்பி."

அவள் அழவில்லை. "லிஸ்ட்ல இன்னொரு பேரு இருக்கு சார். தொறந்து காட்டுங்க" என்றாள். திறந்து காட்டினேன். ஒரு பெயர்தான் இருந்தது. அவள் திரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

"இதுக்குத்தான் பெரியவங்க சொல்லுவாங்க, ஆளப் பாத்துச் சேக்கணும்னு" என்றார் முதலாளி. ஆள் என்று அவர் எதைச் சொன்னார் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு சுலபமாக நம்பினார்கள். பழி என் மேல் விழுந்திருந்தால் பத்து பேர் ஆதாரம் கேட்டிருப்பார்கள். அவள் மேல் விழுந்ததும் யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை. அது எனக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் சொன்னேன். நான் தலையை வேறு ஆட்டினேன்.

அன்றே அவளை அனுப்பிவிட்டார்கள். ஐந்து வருடம் வேலை பார்த்ததற்கான சான்றிதழ் கிடையாது என்று முதலாளி சொல்லிவிட்டார். மறுநாள் அவளுடைய அப்பா வந்து வாசலில் கும்பிட்டபடி நின்றதாக வாட்ச்மேன் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் போகவில்லை.

நான் ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள், எங்கள் ஆனையூரிலேயே இருக்கும் ஒரு ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. ஒரு பெண் வேலைக்கு வந்திருக்கிறார், அனுபவச் சான்றிதழ் இல்லை, விசாரிக்க உங்கள் எண்ணைத்தான் கொடுத்தார், ஏன் அங்கிருந்து நின்றார் என்று கேட்டார்கள். என் எண்ணைக் கொடுத்திருக்கிறாள். உண்மை தெரிந்தவன் உலகத்தில் நான் ஒருவன்தானே. எனக்குச் சரியாக ஞாபகமில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். பெயரை அழித்த அன்று பயத்தில் செய்தேன் என்றாவது சொல்லலாம். இதற்கு என்ன காரணம் சொல்வது? எனக்கு அங்கே இழக்க எதுவுமே இருக்கவில்லை.

என்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் அழகர்கோவில் பஸ் ஏறி, ஊரில் விசாரித்து அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அப்பா, "வாங்கய்யா" என்று எழுந்து தன் நாற்காலியை நகர்த்திப் போட்டார். நான் நின்றுகொண்டே அவளிடம் தாளைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள்.

"ரெண்டு எடத்துல 'தவறுதலாக'ன்னு எழுதியிருக்கீங்க" என்றாள். "பட்டியல் அந்தாளுக்குப் போனது தவறுதல். சரி. பேரை அழிச்சதுமா?"

நான் தாளைத் திரும்ப வாங்கி அந்த இடத்தைப் பார்த்தேன்.

"ரெண்டாவது எடத்துல அதை அடிங்க சார். அடிச்சுட்டு, தெரிஞ்சே செஞ்சேன்னு எழுதுங்க."

அவள் கொடுத்த பேனாவிலேயே அடித்து, எழுதி, பக்கத்தில் கையெழுத்திட்டேன். அவள் அதோடு விடவில்லை. "என்னை அம்புட்டுப் பேரு முன்னாடி வச்சுத்தான சொன்னீங்க. இதையும் அங்க போயி வாசிங்க. அதுக்கப்புறம் தாளை எங்கிட்டக் கொடுங்க."

கம்பெனிக்குப் போனேன். முதலாளி படித்துவிட்டு, பழைய கதை, இப்போது எதற்கு என்றார். உள்ளே வாசிக்க விடவில்லை. வயதுக்காகத்தான் பேசாமல் இருப்பதாகச் சொன்னார். எனக்கும் கோபம் வந்தது. வந்து என்ன? அன்று அந்த அறையில் வராத கோபம். டீ நேரத்தில் எல்லோரும் வெளியே கடைக்கு வருவார்கள். அங்கே நின்று முழுவதையும் வாசித்தேன். சிலர் டம்ளரோடு கேட்டார்கள், சிலர் நகர்ந்து போனார்கள். அன்று அறையில் இருந்த அச்சுமேஸ்திரி கடைசிவரை நின்றார்.

"அம்புட்டும் தெரிஞ்சும் இத்தன வருசம் வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?" என்று கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அவள் சொன்னபடி தாளை அவளிடம் சேர்த்தேன். அதை எடுத்துக்கொண்டு அவளே போய் முதலாளியைப் பார்த்தாள். சான்றிதழ் தராவிட்டால் இந்தத் தாளோடு எங்கே போக வேண்டுமோ அங்கே போவேன் என்று சொன்னாளாம். ஒரு வாரம் கழித்து எனக்குப் போன் செய்தாள்.

"சர்ட்டிபிகேட் குடுத்துட்டாங்க சார். ஆனையூர் வேலைக்கு வேற ஆளை எடுத்துட்டாங்க. இனிமே வேற எடம் பாக்கணும்."

நான் தெரிந்த இடங்களில் சொல்லி வைக்கவா என்று கேட்டேன்.

"வேணாம். யாராச்சும் விசாரிச்சாங்கன்னா மட்டும் உள்ளதைச் சொல்லுங்க. வீட்டுப் பக்கம் வந்துராதீங்க, அப்பா உங்களுக்கு இன்னும் எந்திரிச்சு நிப்பாரு. எனக்கு அதைப் பாக்கப் பிடிக்கல."

வைத்துவிட்டாள். நான் போகவில்லை.