அம்மாவுக்கு ஒரு வாய்

இதை எழுதவா வேண்டாமா என்று நாலு வருஷமாகத் தயங்கினேன். சபையார் தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்ற பயம். ஆண்டவருக்குத் தெரியாததை நான் ஒன்றும் எழுதப்போவதில்லை என்று இப்போது துணிந்துவிட்டேன்.

எமர்ஜென்சி வந்த வருஷத்து மழையில், பள்ளிவாசல் என்ற மலையூர்ப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த என் மனைவி எஸ்தர் காய்ச்சலில் போய்விட்டாள். மகன் சாமுவேலுக்கு அப்போது ஒரு வயசு தாண்டியிருந்தது. “அப்பாவுக்கு ஒரு வாய், அம்மாவுக்கு ஒரு வாய்” என்று சொல்லிச் சொல்லித்தான் அவள் அவனுக்கு ஊட்டுவாள். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் தாய்மார் சொல்வதுதான். அவள் போன பிறகு நானும் அதையே சொல்லி ஊட்டினேன். வேறு எனக்குத் தெரியாது.

ஊரிலிருந்து எஸ்தரின் அக்கா வந்தார்கள். “தானாத் திங்கத் தெரியாத பிள்ளைய வச்சிக்கிட்டு ஃபாக்டரிக்கு எப்படிப் போவீங்க? ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள தானாத் திங்கலேன்னா பிள்ள எங்கூட வரும்” என்றார்கள். நியாயந்தான். எஸ்டேட்டில் பிள்ளைகளை விட்டுப்போகும் கிரஷ்ஷில், தானே எடுத்துத் தின்றால்தான் ஆயாவால் சமாளிக்க முடியும். அவனும் போய்விட்டால் தொழிலாளர் லயத்து வீட்டில் எனக்கு யார்?

சனிக்கிழமை மத்தியானம் கிரஷ் ஆயா மாதவி சேச்சி பிள்ளையைப் பார்க்க வந்திருந்தார். மலையாளத்துக்காரர். நான் தட்டை வைத்து, அவன் விரல்களைச் சோற்றில் பதித்து, அப்பாவுக்கு ஒரு வாய் என்றேன். அள்ளித் தன் வாயில் வைத்தான். சிந்தியது போக நாலு பருக்கை உள்ளே போயிருக்கும். அம்மாவுக்கு ஒரு வாய் என்றேன். அள்ளினான், தின்னவில்லை. எஸ்தர் எப்போதும் உட்காரும் பக்கம் திரும்பி, காலி இடத்துக்கு நேராகக் கையை நீட்டிக் காத்திருந்தான்.

“அவளுக்கு பலி இட்டில்லே?” என்று சேச்சி மெதுவாகக் கேட்டார். செத்தவருக்குச் சோறு வைக்கும் வழக்கம் அவர்களுக்கு உண்டு.

“நாங்க வேதக்காரங்க, சேச்சி. வைக்கமாட்டோம்.”

“நிங்ஙள் வைக்கண்டா. கொச்சு வைக்குந்நுண்டல்லோ.”

நீங்கள் வைக்க வேண்டாம், குழந்தை வைக்கிறதே என்கிறார். அக்கா சத்தமாக ஜெபிக்கத் தொடங்கினார்கள். பிள்ளை நீட்டிய கையை இறக்கவில்லை.

நாங்கள் விளையாட்டாகச் சொன்னதை அவன் மெய்யாக எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான். அது தெரிந்தும் அந்தப் பக்கம் பார்க்க எனக்குப் பயம். பிறகு நகர்ந்து எஸ்தரின் இடத்தில் உட்கார்ந்து, அவன் கையிலிருந்த சோற்றை வாயால் வாங்கித் தின்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. எனக்குச் சற்றுப் பின்னால் பார்த்துச் சிரித்தான். அப்புறம் குனிந்து தட்டுச் சோறு முழுக்கத் தானே தின்றான்.

அக்கா தனியாகவே பஸ் ஏறினார்கள். ஊருக்கு வந்துவிடுங்கள் என்று இன்றும் கடிதம் போடுகிறார்கள். எங்கள் கல்யாணம் எழுதின சபைப் புத்தகம் அங்கே. அவள் கல்லறை இங்கே, தேயிலைச் சரிவில். நான் எந்தப் பக்கம் கையை நீட்டுவேன்?

இதைப் படிப்பவர்கள் பிறருக்குச் சொன்னால் எழுதினபடியே சொல்லுங்கள். அவள் வந்தாள் என்று கூட்ட வேண்டாம். அங்கே ஒருவரும் இல்லை என்று குறைக்கவும் வேண்டாம்.