குடிக்கத் தண்ணி கேட்ட ஆய்வாளர்

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணியை பிளீச்சிங் மருந்து போட்டு வெளுக்கும் பட்டறை போட நினைத்தேன். என் மனை குடியிருப்புப் பகுதியில் இருந்தது. அதைத் தொழில் மனையாக மாற்றித் தரும்படி மனுக் கொடுத்தேன். இடம் பார்க்க நகரமைப்பு ஆய்வாளர் வந்தார். ஒல்லியான பெண்மணி. வெயிலில் நிறம் போன குடை, தோள்பையில் அளவு டேப்.

என் காகிதங்களில் ஒரு குறை சொல்ல முடியாது. அக்கம்பக்கத்தார் எல்லாரும் ஆட்சேபணை இல்லையென்று கையெழுத்துப் போட்டிருந்தார்கள். தெம்பாக இளநீரைச் சீவி நீட்டினேன். அவர் வாங்கவில்லை. நேரே பக்கத்து வீட்டுக்குப் போய், "அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்க" என்றார். எங்கே இடம் பார்க்கப் போனாலும் அவர் வழக்கம் அதுதானாம். எனக்குச் சுருக்கென்றது.

அந்த அக்கா கிணற்றில் இறைத்துக் கொடுத்தார். ஆய்வாளர் குடித்துவிட்டு எனக்கும் ஒரு செம்பு வாங்கித் தந்தார்.

"குடிங்க அண்ணாச்சி. எப்படி இருக்கு?"

"நல்லா இனிப்பா இருக்கு மேடம்."

"துணி வெளுத்த தண்ணிய எங்க விடுவீங்க?"

"பின்னால குழி வெட்டி விட்டுருவேன்."

"குழியில விட்டா, பொறவு அது எங்க போகும்?"

கிணற்றைப் பார்த்தேன். என் வேலியிலிருந்து பத்தடிகூட இல்லை.

முடியாது என்று அவர் சொல்லவே இல்லை. மறுநாள் மனுவை நானே திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அந்த மனையில் இப்போது வீடு கட்டிக் குடியிருக்கிறேன். அன்று அந்த அம்மா என் ஃபைலைத் திறந்தே பார்க்கவில்லை என்று சமயத்தில் கோபம் வரும். வந்தால், பக்கத்து வீட்டில் ஒரு செம்புத் தண்ணி வாங்கிக் குடிப்பேன்.